வாசலில் நின்ற கண்டன்சர்

தில்லியில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் ஒருவரின் விடுதி அறையில், தைப் பொங்கல் இரவன்று, ஒரு ஸ்பீக்கர் எரிந்துபோனது. தீப்பிடிக்கவில்லை, பெரிய சத்தமும் எழவில்லை. நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். வார்னிஷ் கருகும் நாற்றம் வந்தது. யாரோ சன்னலைத் திறந்தார்கள். அதற்குள் இடப்பக்க ஸ்பீக்கர் அடங்கிவிட்டது.

அந்த ஸ்பீக்கர் அவருடைய தந்தையினுடையது. கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் திருமண வீடுகளுக்கும் கோயில் கொடைகளுக்கும் ரேடியோ செட் கட்டிப் பிழைத்தவர் அவர். கடையை மூடிய நாளில் குழல்களையும் கம்பிச் சுருள்களையும் விற்றுவிட்டு, எட்டு அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார். மகன் தில்லிக்குப் புறப்பட்டபோது அவற்றைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். எரிந்தது அவற்றுள் ஒன்று. எரித்தது ஒரு மின்தேக்கியின் இன்மை.

ஆய்வாளருக்கு மின்னணுவியல் பாடமன்று, பொழுதுபோக்கு. செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் பல சனிக்கிழமைகள் அலைந்து, எல்எம் 3886 என்னும் பெருக்கிச் சில்லுகள் இரண்டும், 18-0-18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும், வெப்பம் கடத்தும் அலுமினியப் பட்டைகளும் வாங்கினார். சில்லு நிறுவனம் வெளியிட்ட தரவுத்தாளில் உள்ள சுற்றை ஏறத்தாழ அப்படியே பின்பற்றிப் பற்றவைத்தார். முதல் நாளிலேயே அது பாடியது. ஓராண்டுக்கு மேல் ஒரு குறையுமின்றிப் பாடிக்கொண்டிருந்தது. குறையில்லாத ஒன்றைத் திருத்தத் தொடங்கியதில்தான் இக்கதை தொடங்குகிறது.

அச்சுற்றில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மின்தேக்கிகள் ஒலியின் பாதையோடு தொடர்புடையவை. ஒன்று உள்ளீட்டில் நிற்பது: 1 மைக்ரோஃபாரட். அதற்குப் பின்னால் 22 கிலோ ஓம் மின்தடை ஒன்று தரைக்குச் செல்கிறது. மற்றொன்று பின்னூட்டப் பாதையில், 1 கிலோ ஓம் மின்தடையோடு தொடராக அமைந்த 22 மைக்ரோஃபாரட். இரண்டின் பணியும் ஒன்றே. இசை மாறுதிசை மின்னோட்டமாக வருகிறது; அதை உள்ளே விட வேண்டும். நேர்த்திசை மின்னோட்டத்தை விடக் கூடாது. முதல் மின்தேக்கி வெளியிலிருந்து வரும் நேர்த்திசை அழுத்தத்தை வாசலிலேயே நிறுத்துகிறது. இரண்டாவது, பெருக்கி இசையை மட்டும் 21 மடங்காக்கவும், நேர்த்திசை அழுத்தம் ஏதேனும் நுழைந்துவிட்டால் அதைப் பெருக்காமல் ஒரே மடங்காக விட்டுவிடவும் பார்த்துக்கொள்கிறது. வாசலில் ஒரு காவல். கூடத்தில் ஒரு காவல்.

ஒலி ஆர்வலர்களிடையே நெடுநாளாக ஒரு நம்பிக்கை உண்டு. மின்தேக்கி எதுவாயினும் ஒலியைக் கறைப்படுத்தும். ஆகவே மின்தேக்கிகளிலேயே சிறந்தது மின்தேக்கி இல்லாமையே என்பது அது. இதை முற்றிலும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 1980-இல் வால்டர் ஜங், ரிச்சர்ட் மார்ஷ் ஆகிய இருவரும் ‘ஆடியோ’ இதழில் மின்தேக்கித் தேர்வு குறித்து எழுதிய கட்டுரை, மின்தேக்கிகள் எல்லாம் ஒன்றல்ல என்பதைப் பலருக்கு உணர்த்தியது. பின்னர் சிரில் பேட்மேன் 2002-ஆம் ஆண்டு வாக்கில் ‘எலெக்ட்ரானிக்ஸ் வேர்ல்ட்’ இதழில் தொடராக எழுதியபோது, அவை உண்டாக்கும் திரிபைக் கருவி கொண்டு அளந்தே காட்டினார். மின்பகு வகை மின்தேக்கியின் இரு முனைகளுக்கிடையே இசையின் அழுத்தம் கணிசமாக விழுமானால் திரிபு தோன்றும். சில வகைப் பீங்கான் மின்தேக்கிகளின் கொள்ளளவு அழுத்தத்துக்கேற்ப மாறுவதால் அவற்றிலும் திரிபு உண்டு. பாலிபுரொப்பிலீன் படல வகையில் இது மிகமிகக் குறைவு. அதாவது, அந்த நம்பிக்கையின் அடியில் உண்மை இருக்கிறது. ஆனால் எவ்வகை மின்தேக்கி, எவ்வளவு பெரியது, எந்த அதிர்வெண்ணில் என்னும் நிபந்தனைகளோடு இருக்கிறது. ஒருவர் வாய்க்கு மற்றொருவர் வாய் மாறி வரும்போது உண்மை எஞ்சியது, நிபந்தனைகள் உதிர்ந்துவிட்டன.

மார்கழியில் ஒருநாள் அவர் உள்ளீட்டு மின்தேக்கிகளைக் கழற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் சிறு கம்பித் துண்டுகளைப் பற்றவைத்தார். அன்றிரவு ஒலி திறந்துகொண்டதாகத் தோன்றியது. மிருதங்கத்தின் தொப்பி கூடுதல் தெளிவோடு கேட்பதாக நண்பர்களிடம் சொன்னார். நண்பர்களும் ஆமென்றார்கள். ஆவணக்காப்பகத்தில் ஒரு மனுவின் தேதியை மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்காமல் அடிக்குறிப்பு எழுதாதவர், தம் செவி சொன்னதை ஒரு முறைகூடச் சரிபார்க்கவில்லை.

முதல் நீக்கம் யாதொரு தீங்கும் செய்யாததால் இரண்டாவதற்குத் துணிவு வந்தது. இரண்டு வாரம் கழித்துப் பின்னூட்ட மின்தேக்கிகளையும் எடுத்தார். கவனமின்றி எடுத்தார் என்று சொல்வது நியாயமாகாது. உள்ளீட்டைத் தரையோடு இணைத்துவிட்டு, வெளியீட்டில் மல்டிமீட்டரை வைத்து அளந்தார். 24 மில்லிவோல்ட் காட்டியது. சில்லுக்கே உரிய ஒரு மில்லிவோல்ட் அளவிலான பிறழ்வு 21 மடங்காகியிருக்கிறது. ஸ்பீக்கருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் அவர் அளந்தது பெருக்கியை மட்டும். பெருக்கிக்குள் நாளை எது வரும் என்பதை அந்த அளவீடு சொல்லாது.

பொங்கலன்று வந்தது, நண்பர் ஒருவர் கையால் கட்டிய மைக் முன்பெருக்கி. 9 வோல்ட் பேட்டரியில் இயங்குவது. அத்தகைய சுற்றுகளில் ஒலி, பேட்டரி அழுத்தத்தின் பாதியான 4.5 வோல்ட்டின் மேல் ஏறி நிற்கும். வெளியேறும் இடத்தில் ஒரு மின்தேக்கி அந்த 4.5 வோல்ட்டைத் தடுத்து, ஒலியை மட்டும் அனுப்பும். நண்பர் அந்த மின்தேக்கியை முனை மாற்றிப் பொருத்தியிருந்தார். முனை மாறிய மின்பகு மின்தேக்கி நேர்த்திசை மின்னோட்டத்தைக் கசிய விடும். ஆயினும் அந்த முன்பெருக்கி பல மாதங்களாகப் பல மேடைகளில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. காரணம் பின்னர்தான் விளங்கியது: அது இணைக்கப்பட்ட கருவி ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு மின்தேக்கி இருந்தது. பிறருடைய காவல்கள் அவருடைய பிழையை மறைத்துவந்திருக்கின்றன. காவலே இல்லாத வாசலுக்கு அது வந்த முதல் நாள் அதுதான்.

வலப்பக்கத்தில் மடிக்கணினியிலிருந்து தம்புரா ஒலித்தது. இடப்பக்கத்தில் மைக்கை இணைத்தபோது ‘தட்’ என்றொரு சத்தம் கேட்டது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே தள்ளி அங்கேயே நின்றது. முன்புறம் துணி மூடியிருந்ததால் எவரும் கவனிக்கவில்லை. பிற்பாடு அளந்தபோது, கசிந்து வந்த நேர்த்திசை அழுத்தம் 0.6 வோல்ட். கேட்டால் அற்பமாகத் தோன்றும் அளவு. 21 மடங்கானால் அது 12.6 வோல்ட். எட்டு ஓம் ஸ்பீக்கர் என்று சொல்லப்படுவதன் சுருளுக்கு நேர்த்திசை மின்தடை ஆறு ஓம் அளவே இருக்கும். எனவே 2.1 ஆம்பியர், ஏறக்குறைய 26 வாட். இசையில் 26 வாட் என்பது வந்து வந்து போவது. சராசரி மிகக் குறைவு. இதுவோ இடைவிடாமல், ஒரே திசையில், ஒரு நொடியும் ஓயாமல் பாய்வது. கூம்பு அசைந்தால் காற்று உள்ளே புகுந்து சுருளைச் சற்றுக் குளிர்விக்கும். தள்ளிய இடத்திலேயே நின்ற கூம்பில் அந்த உதவியும் இல்லை. முழு ஆற்றலும் சூடாக மாறியது. பின்னூட்ட மின்தேக்கி ஒன்று மட்டுமாவது எஞ்சியிருந்தால், 0.6 வோல்ட் 0.6 வோல்ட்டாகவே ஸ்பீக்கரை அடைந்திருக்கும், 0.06 வாட். சுருள் அதை உணர்ந்தே இருக்காது.

மறுநாள் காலை தந்தைக்குத் தொலைபேசினார்.

“என்னய்யா, குரலு ஒரு மாதிரி இருக்கு?”

“அப்பா, ஒரு ஸ்பீக்கர் போயிருச்சுப்பா. காயில் கருகிருச்சு.”

சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் தந்தை கேட்டது திட்டும் குரலில் அன்று. பழுது பார்க்க வந்த செட்டைப் பற்றி வாடிக்கையாளரிடம் விசாரிக்கும் குரலில். எந்த ஆம்ப்ளிஃபையர், எவ்வளவு நேரம், முதலில் என்ன சத்தம் கேட்டது. மகன் சொல்லி முடித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“கப்ளிங் கண்டன்சர எடுத்துட்டியா?”

“ஆமாப்பா.”

“வால்வு செட்டு காலத்துல அந்தக் கண்டன்சர் லேசா லீக் ஆனாலே போதும், அவுட்புட் வால்வுக்குள்ள தகடு செக்கச்செவேல்னு பழுத்துரும். எங்களுக்கு முதப் பாடமே அதுதான். லீக் ஆனதுக்கே அப்பிடின்னா, நீ ஆளையே வெளிய அனுப்பிட்ட.”

வால்வுப் பெருக்கிகளில் முன்நிலை வால்வின் தகட்டில் நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கும். அடுத்த வால்வின் கம்பிவலை எதிர்மின் அழுத்தத்தில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒலியை மட்டும் கடத்தி, அந்த உயர் அழுத்தத்தைத் தடுத்து நிற்பது ஒற்றை மின்தேக்கி. அது கசிந்தால் கம்பிவலையின் கட்டுப்பாடு தளர்ந்து, வால்வில் மின்னோட்டம் எல்லை மீறும், தகடு சிவக்கும். எந்தக் கல்லூரியிலும் மின்னணுவியல் படிக்காத அவர், சிவந்த தகட்டைக் கண்ணால் பார்த்துக் கற்ற பாடம் அது. பழுது நீக்கிய பெருக்கி எதையும் அவர் நேரே நல்ல ஸ்பீக்கரில் மாட்டியதில்லை. கிழிந்த கூம்புடைய பழைய ஸ்பீக்கர் ஒன்று அதற்கென்றே கடையில் தொங்கும். சிறுவயதில் மகன் அதை நாள்தோறும் பார்த்திருக்கிறார்; எதற்கென்று கேட்டதில்லை.

“எதுக்குய்யா எடுத்த?”

“சத்தம் சுத்தமா வரும்னு சொன்னாங்கப்பா.”

“வந்துச்சா?”

கேள்வியில் ஏளனம் இல்லை. அறிந்துகொள்ளும் விருப்பமே இருந்தது. தொழிலை விட்டு ஆண்டுகள் ஆனாலும் விடாத விருப்பம். ‘வந்தது’ என்று சொல்ல வாயெடுத்த மகன் நிறுத்திக்கொண்டார். வந்ததா என்பது தமக்குத் தெரியாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அந்த ஒற்றைச் சொல் கேள்விக்கு விடை காண அவர் ஒரு மாதம் செலவிட்டார். எஞ்சிய வலப்பக்க ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கப் பெருக்கியில் இரண்டு மின்தேக்கிகளையும் திரும்பப் பொருத்தினார். உள்ளீட்டில் இம்முறை 2.2 மைக்ரோஃபாரட் பாலிபுரொப்பிலீன். பின்னூட்டத்தில் 22-க்குப் பதில் 220 மைக்ரோஃபாரட். உள்ளீட்டு மின்தேக்கியின் இரு முனைகளையும் தேவைப்படும்போது குறுக்கே இணைத்துவிடும் ஒரு சுவிட்ச் வைத்தார். மடிக்கணினியின் வெளியீட்டில் நேர்த்திசை அழுத்தம் இல்லை என்பதை முதலில் அளந்து உறுதி செய்துகொண்டார். முன்பெருக்கி கட்டிய அதே நண்பர், முதுகுக்குப் பின்னால் நாணயத்தைச் சுண்டி, அதன்படி சுவிட்சைப் போட்டார். மின்தேக்கி இருக்கிறதா, இல்லையா என்று ஆய்வாளர் சொல்ல வேண்டும். 16 முறை. ஒன்பது சரி, ஏழு தவறு. வெறும் ஊகத்தால் 16-இல் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. ஒன்பது அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்லும் வாய்ப்போ நூற்றுக்கு நாற்பது. அவருடைய செவிக்கும் நாணயத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அப்படியானால் மார்கழி இரவில் கேட்ட தெளிவு எங்கிருந்து வந்தது? கணக்கு அதற்கும் ஓரளவு விடை தந்தது. பழைய 1 மைக்ரோஃபாரட்டும் 22 கிலோ ஓமும் சேர்ந்து 7.2 ஹெர்ட்ஸில் ஒரு வரம்பை இடுகின்றன. 20 ஹெர்ட்ஸில் அதனால் ஏற்படும் இழப்பு அரை டெசிபெல். கட்ட மாற்றம் 20 பாகை. பின்னூட்டத்திலும் அதே வரம்பு அமைந்திருந்ததால் இரண்டும் சேர்ந்து ஒரு டெசிபெல். ஆழ்ந்த தாழொலியைத் தரவல்ல பெரிய ஸ்பீக்கரில் இது ஒருவேளை பொருட்படுத்தத் தக்கது. ஆனால் தந்தையின் எட்டு அங்குல ஸ்பீக்கர்கள் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிகம் பேசுவதில்லை. அங்கே இரண்டு மின்தேக்கிகளும் சேர்ந்து விளைவித்த இழப்பு 0.13 டெசிபெல் மட்டுமே. மிருதங்கத்தின் தொப்பியை அது திறந்திருக்க முடியாது. உழைத்துக் கழற்றியவரின் எதிர்பார்ப்பு திறந்திருக்கலாம்.

புதிய மதிப்புகளில் நிலைமை இன்னும் தெளிவானது. 2.2 மைக்ரோஃபாரட் வரம்பை 3.3 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுகிறது. 20 ஹெர்ட்ஸில் இழப்பு 0.12 டெசிபெல். பின்னூட்டத்தின் வரம்பு 0.7 ஹெர்ட்ஸ். டக்ளஸ் செல்ஃப் தம் பெருக்கி வடிவமைப்பு நூலில் வலியுறுத்தும் வழியும் இதுவே: மின்தேக்கியின் முனைகளுக்கிடையே இசையின் அழுத்தம் விழாத அளவுக்கு அதைப் பெரிதாக்கிவிட்டால், திரிபு தோன்றுவதற்கு இடமே இல்லாமற்போகும். கறை என்று அஞ்சியதற்கு மருந்து மின்தேக்கியை நீக்குவதில் இல்லை. போதிய அளவில் நல்லதாக வைப்பதில் இருந்தது.

உள்ளீட்டு மின்தேக்கி இல்லாத நல்ல பெருக்கிகள் உலகில் இல்லையா என்றால், உண்டு. ஆனால் அவற்றைத் திறந்து பார்த்தால் வேறொரு காவல் வேறோர் இடத்தில் நிற்கும். சிலவற்றில் வெளியீட்டை இடையறாது கண்காணித்து, நேர்த்திசைப் பிறழ்வைத் திருத்தும் துணைச் சுற்று இருக்கும். அதன் உள்ளேயும் ஒரு மின்தேக்கி உண்டு, அதுவும் தாழொலிக்கு ஒரு வரம்பு இடும். சிலவற்றில் உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மர் அப்பணியைச் செய்யும். பலவற்றில் யுபிசி 1237 போன்ற சில்லு ஒன்று நேர்த்திசை அழுத்தம் தோன்றியவுடன் ரிலேயைத் திறந்து ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும். மூலமும் பெருக்கியும் ஒரே பெட்டியில், ஒரே கையால் கட்டப்பட்டு, மூலத்தின் வெளியீட்டில் ஏற்கெனவே ஒரு நல்ல மின்தேக்கி இருக்குமானால், இரண்டாவது ஒன்று தேவையில்லைதான். நீக்குவது பிழையன்று. நீக்கியதன் வேலையை இனி யார் செய்கிறார் என்று கேளாமல் நீக்குவதே பிழை. ஒன்றும் நிகழாத நாள்களையெல்லாம் அது தேவையில்லை என்பதற்குச் சான்றாக ஆய்வாளர் எண்ணிவிட்டார். ஒன்றும் நிகழாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை.

கருகிய ஸ்பீக்கர் ஊருக்குச் சென்றது. தந்தை கூம்பைப் பிரித்து, புதிய சுருளை வைத்து, பசை காயும்வரை இரண்டு நாள் தொடாமல் வைத்திருந்தார் என்று அம்மா சொன்னார். கண் முன்போல் இல்லை. மெல்லிய ஈயக்கம்பியைச் சேர்க்க அண்டை வீட்டுப் பையனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாராம். பங்குனியில் ஊர்ப்பையன் ஒருவன் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அதைக் கொண்டுவந்து சேர்த்தான். மீண்டும் அதே வேட்டி. காந்தத்தின் பின்புறத்தில், கடைக்கு வந்த ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் எழுதும் வழக்கப்படி, பெயிண்டால் தேதியும் சுருளின் மின்தடையும் எழுதியிருந்தார். கூட, கிழிந்த கூம்புடைய அந்தப் பழைய ஸ்பீக்கரும் வந்திருந்தது. அதைப் பற்றித் தொலைபேசியில் அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அன்று மாலை முதலில் மாட்டப்பட்டது அந்தக் கிழிந்த ஸ்பீக்கர்தான். மல்டிமீட்டர் 3 மில்லிவோல்ட் காட்டியது. அரைமணி நேரம் கழித்தும் அதே 3. அதன் பிறகே அவர் தந்தை கட்டிய ஸ்பீக்கரை இணைத்தார். பெருக்கிப் பெட்டியின் பின்புறத்தில், உள்ளீட்டுத் துளைகளுக்கு மேலே, இப்போது ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அடிக்குறிப்பு எழுதும் அதே நுண்ணிய கையெழுத்து: “உள்ளே 2.2 மைக்ரோஃபாரட் உள்ளது. கழற்ற எண்ணுபவர் முதலில் வெளியிலிருந்து வருவதை அளக்கவும்.” கீழே, தேதி.